சமத்துப் பொட்டலம்

அத்தியாயம் 5

இதைச் செய்தவன் எவனாக இருந்தாலும் என் தம்பியின் படத்துக்கு முன்னால் வந்து தலை குனிய வேண்டும். மூன்று ஊதுவத்திகளையும் இரண்டு கையால் பிடித்து அப்படிச் சத்தியம் செய்த பிறகுதான் அவற்றைச் சாம்பல் கிண்ணத்தில் நட்டேன். படத்துக்குள்ளிருந்து சிங்-யுவான் எப்போதும்போல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவன்னு முடிவே பண்ணிட்டீங்களா, இன்ஸ்பெக்டரே? எவளா இருந்தா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எவளா இருந்தாலும் கழுத்து கழுத்துதான். குனியும்."

குரலுக்குச் சொந்தக்காரி மெய்-லுவான், என் உதவியாளர். தாய்பே போலீசில் நான் இருந்தபோது மின்சாதனச் சந்தையில் திருட்டுக் கணினி விளையாட்டுக் குறுந்தட்டுகள் விற்றதற்காக அவளை இரண்டு முறை உள்ளே தள்ளியிருக்கிறேன். ஓய்வுக்குப் பின் துப்பறியும் நிறுவனம் தொடங்கியபோது முதலில் தேடிப்போனதும் அவளைத்தான். "ரெண்டு தடவை பிடிச்சும் உங்களுக்கு மனசு ஆறலை, அதான் சம்பளம் குடுத்துப் பக்கத்துல வெச்சிருக்கீங்க" என்பாள்.

தம்பியின் மனைவி ஷூ-சென் தேநீர் கொண்டுவந்தாள். கூடவே ஒரு கிண்ணம் தேங்காய் வாசனைச் சோளப் பொரி. மெய்-லுவான் கை நிறைய அள்ளினாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க தின்கிறதை நமக்குத் தர்றீங்களே, அக்கா?"

"சாமிக்கு வெச்சு இறக்கினது. மறுபடி வைக்கவும் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. தின்னுதான் தீர்க்கணும். மீதியையும் எடுத்துட்டுப் போ" என்று ஷூ-சென், பாதி காலியான பச்சைப் பொட்டலத்தைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு மெய்-லுவானின் பையில் திணித்தாள்.

ஷூ-சென்னின் மகள் யுன்-ஜூ மூலையில் உட்கார்ந்திருந்தாள். தேநீரைத் தொடவில்லை.

விஷயம் இதுதான். என் தம்பி முப்பது வருஷத்துக்கு முன் உருவாக்கிய 'ஒன்பதாம் வாயில்' என்ற வாள்வீரர் கணினி விளையாட்டை யுன்-ஜூ புதிதாகச் செய்து போன மாதம் வெளியிட்டாள். கம்பெனியில் பாதி எங்கள் குடும்பத்துடையது. மறுபாதி தம்பியின் பழைய கூட்டாளி துவான் வெய்-மினிடமும் சில சிறு பங்குதாரர்களிடமும் இருக்கிறது. விளையாட்டை இணையத்தில் இரண்டு கடைகளில் விற்பதாக ஏற்பாடு. ஒன்று பெரிய கடை. அங்கே வாங்கினால் விளையாட்டு உங்கள் கணக்கில் இருக்கும், கையில் இருக்காது. அது போதாதென்று துவான் அதன்மேல் தன் சொந்தத் திருட்டுத் தடுப்புப் பூட்டையும் போட்டார். மற்றது திறந்த கடை. அங்கே பூட்டே கிடையாது. வாங்கியவர் அதை எடுத்து அலமாரியில் வைத்துப் பேரனுக்குக்கூடக் கொடுக்கலாம். வெளியீட்டுக்கு முந்தின நாள் துவான் திறந்த கடையை நிறுத்திவிட்டார்.

அடுத்த வாரமே பூட்டில்லாத பிரதி ஒன்று ஊரெங்கும் இலவசமாகப் பரவியது. திறந்த கடைக்கென்று பூட்டில்லாத பிரதியைத் தயாராக வைத்திருந்தவள் யுன்-ஜூ ஒருத்திதான். ஆத்திரத்தில் அவளே வெளியே விட்டுவிட்டாள் என்று துவான் பத்திரிகைகளுக்கே சொல்லிவிட்டார். நாளைக் காலை பங்குதாரர் கூட்டம். அதற்குள் உண்மையான ஆளை நான் காட்டாவிட்டால் யுன்-ஜூ வெளியேற வேண்டியதுதான். 'ஒன்பதாம் வாயில்' என்ற பெயரும் துவானுக்குப் போய்விடும்.

இந்த மனிதர் எங்கள் பெயரைக் கெடுப்பது இது முதல் தடவை அல்ல. பழைய விளையாட்டு வெளிவந்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஒன்பதாம் வாயிலை எட்டியதும் அவர்கள் சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் அழிந்துபோனது. லியாவ் சிங்-யுவான் எழுதிய நிரலில் கோளாறு என்று துவான் அறிக்கை விட்டார். என் தம்பி நிருபர்களுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அந்தப் புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. லியாவ் குடும்பத்தில் அதற்கு முன் எவரும் ஊர் பார்க்கக் குனிந்ததில்லை. நிமிர்ந்து நடக்க அவனுக்கு அதற்கப்புறம் வரவே இல்லை. அப்படியே போய்ச் சேர்ந்தான்.

"கிளம்பு" என்றேன் மெய்-லுவானிடம்.

*

சோங்ஹேயில் இருந்த கம்பெனிக்கு யுன்-ஜூவும் கூட வந்தாள். அங்கே மெய்-லுவான் இரண்டு மடிக்கணினிகளை அடுத்தடுத்து வைத்தாள். ஒன்றில் பெரிய கடையில் முறையாக வாங்கிய பிரதி. மற்றதில் ஊரில் பரவிய பிரதி. இரண்டையும் ஒரே சமயத்தில் திறந்தாள்.

திருட்டுப் பிரதி உடனே திறந்தது. வாங்கிய பிரதியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டது, பிறகு மறுபடியும் சுற்றியது. மடிக்கணினியின் விசிறி இரைந்தது.

"நான் தட்டு வித்தப்போ நீங்ககூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை, இன்ஸ்பெக்டரே. காசு குடுத்தவன் வாசல்ல நிக்கிறான், குடுக்காதவன் உள்ள உக்காந்து ரெண்டாவது தட்டு சாப்பிடறான்" என்று பையிலிருந்து பொரியை எடுத்துக் கொறித்தாள்.

"பூட்டே வேண்டாம்னு நானும் சொல்லலை, பெரியப்பா. பெரிய கடைக்குத்தான் கூட்டம் வருது. ஆனா துவான் அங்கிளோட பூட்டு, வாங்கினவங்களை உறுத்துது. நான் வேற ஒண்ணு பண்ணியிருந்தேன். முதல் ஊருக்குள்ள போங்க, அங்க ஒரு சாப்பாட்டுக் கடை வரும்" என்றாள் யுன்-ஜூ.

வாங்கிய பிரதியில் வாள்வீரன் அந்தக் கடைக்கு முன் போய் நின்றான். மேலே பலகையில் 'சிப்பி அடை' என்று எழுதியிருந்தது.

"பெரிய கடைக்குப் போற பிரதியில சிப்பி அடை. திறந்த கடைக்குன்னு வெச்சிருந்ததுல வாத்துக் கஞ்சி. ஆடறவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எந்தக் கடையிலேருந்து ஒழுகினாலும் பலகையே காட்டிக் குடுத்துடும்."

மெய்-லுவான் திருட்டுப் பிரதியில் வீரனை அதே இடத்துக்கு ஓட்டினாள். கடை இருந்தது. அடுப்பும் புகைந்தது. பலகை காலி.

"கடைக்காரர் இன்னிக்கு என்ன சமைக்கறதுன்னே முடிவு பண்ணலையா?" என்றாள்.

யுன்-ஜூ எழுந்து நின்றுவிட்டாள். "கடைக்கு அனுப்பும்போதுதான் பலகையில பேர் ஏறும். காலின்னா, அதுக்கு முன்னாடி எடுத்தது. தாய்ப் பிரதி. அது சர்வருங்க இருக்கற இயந்திர அறையில மட்டும்தான் இருக்கு."

"அப்ப உன்கிட்ட இருந்தது இல்லை."

"இல்லை, பெரியப்பா. ஆனா இயந்திர அறைச் சாவி என்கிட்டயும் இருக்கு. இன்னொண்ணு துவான் அங்கிள்கிட்ட. நான்தான் எடுத்தேன்னு அப்பவும் சொல்லலாமே?"

"சொல்லட்டும். சொல்ற நாக்கை நான் பார்த்துக்கறேன்."

*

இயந்திர அறையில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. வரிசையாக நின்ற இயந்திரங்களின் தலையில் ஆளுக்கொரு பச்சைப் பொரிப் பொட்டலம். அந்தப் பொரியின் பெயருக்கே 'சமத்து' என்றுதான் அர்த்தம். அது தலைமேல் இருக்கும்வரை இயந்திரம் அடம் பிடிக்காது. பச்சையாகத்தான் இருக்க வேண்டும். தேதி தாண்டியிருக்கக் கூடாது. படித்துப் பட்டம் வாங்கிய பொறியாளனும் இதில் விளையாட மாட்டான். ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் யுன்-ஜூ தடித்த பேனாவால் பெயர் எழுதியிருந்தாள்: இரண்டாமவன், மூன்றாமவன், குட்டித் தம்பி.

"பூஜை முடிஞ்சு அம்மா புதுசு வெச்சாங்க. எல்லாம் ஒரே நாள் வாங்கினது. பேர் மட்டும் நான் எழுதினேன்" என்றாள் யுன்-ஜூ.

தாய்ப் பிரதி இருக்கும் பெரிய இயந்திரத்துக்கு முன் போய் நின்றேன். அதன்மேலும் பச்சைப் பொட்டலம் இருந்தது. பெயர் இல்லை. திருப்பிப் பார்த்தேன். மற்றவற்றைவிட அதன் காலாவதித் தேதி தள்ளி இருந்தது.

"மூத்தவன்னு எழுதியிருந்தேனே" என்று யுன்-ஜூ முணுமுணுத்தாள்.

எனக்கு விளங்கிவிட்டது. "வந்தவன் அவசரத்துல இடிச்சிருக்கான். பொட்டலம் நசுங்கியிருக்கும். தடயம் தெரியக் கூடாதுன்னு புதுசு வாங்கி வெச்சுட்டான்."

"திருட வந்தவன் கடைக்குப் போய்ப் பொரி வாங்கிட்டு வந்து வெச்சானா? அப்படியே எடுத்துட்டுப் போயிருந்தா யார் கண்டுபிடிக்கப் போறாங்க? ரொம்ப பக்தியான திருடனா இருக்கானே" என்றாள் மெய்-லுவான்.

நான் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு சாவி. ஒன்று எங்கள் வீட்டுப் பெண்ணிடம். மற்றது துவானிடம். முப்பது வருஷமாக நான் எதிர்பார்த்திருந்த கழுத்து ஒரு மாடி மேலே உட்கார்ந்திருந்தது.

*

துவான் எழுந்து வரவேற்கவில்லை. நானும் உட்காரவில்லை.

"சமத்துப் பொட்டலம் எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"அந்தச் சோளப் பொரியா?" என்று சிரித்தார். "மிஷின் மேல தின்பண்டம் வெச்சா எறும்பு வரும்னு நானே எத்தனையோ தடவை எடுத்து எறிஞ்சிருக்கேன். உங்க தம்பி சம்சாரம் மறுபடி மறுபடி வெச்சுட்டுப் போறாங்க."

"பூட்டைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, எதுக்கு சார்?" என்று மெய்-லுவான் கேட்டாள்.

"இங்க நாப்பது பேர் வேலை செய்யறாங்க, அம்மா. விளையாட்டுக்கு முதல் மாசம்தான் அறுவடை. அந்த ஒரு மாசம் பூட்டு தாங்கினா இவங்க வீட்டுல அடுப்பு எரியும். உங்களை மாதிரி ஆளுங்க சந்தையில கூவி வித்ததுல மூடின கம்பெனிகளை நான் பார்த்திருக்கேன்."

அதில் பொய் இல்லை. மெய்-லுவானே தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். பிறகு, "பெரிய கடையில வாங்கினவங்க திட்டிக் குவிச்சிருக்காங்களே. ஒன்பதாம் வாயிலுக்கு வந்தா சேமிச்சதெல்லாம் அழியுதாம்" என்றாள்.

துவானின் சிரிப்பு நின்றது. "அது நிரல் கோளாறு. அப்பனை மாதிரியே பொண்ணு."

என் கை மேசையின் விளிம்பைப் பிடித்தது. நல்லவேளை, இடையில் அந்த மேசை இருந்தது.

"கோபப்பட்டு என்ன புண்ணியம், லியாவ்? யோசிங்க. இந்தப் பூட்டை ஜப்பான்காரங்க வாங்கறதா இருந்தது. அந்தப் பிரதி வெளியில வந்ததும், பூட்டுப் போட்டது எப்படி ஓடுது, போடாதது எப்படி ஓடுதுன்னு ஊரே பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்குது. இப்ப ஜப்பான்காரன் என் போனையே எடுக்கறதில்லை. என் தலையில நானே கல்லைப் போட்டுக்குவேனா? உங்க வீட்டுப் பொண்ணு மேல கோபம் இருக்கறவனைத் தேடறீங்க நீங்க. செஞ்சவனுக்கு என் மேல கோபம்" என்றார்.

*

மாடிப்படியில் இறங்கினோம். மெய்-லுவான் படியின் நடுவில் நின்று, பையிலிருந்த பொட்டலத்தின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, கடைசிப் பொரியை வாயில் போட்டாள். சுருட்டியிருந்த பச்சைத் தாள் விரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்ஸ்பெக்டரே, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன?"

"தடயத்தை நான் தின்னுட்டேன்."

தாளை நீட்டினாள். யுன்-ஜூவின் கையெழுத்தில், தடித்த பேனாவில், 'மூத்தவன்' என்று எழுதியிருந்தது. பொட்டலத்தில் ஒரு நசுங்கலும் இல்லை. யாரும் இடிக்கவில்லை. யாரோ அதைப் பதமாகக் கையில் எடுத்து இறக்கியிருக்கிறார்கள்.

பூஜைக்கு வருகிற ஷூ-சென் மகளிடம் சாவி வாங்காமல் எப்படி உள்ளே போவாள் என்று நான் ஏன் கேட்கவில்லை? என் வீட்டு வாசலுக்குள் சந்தேகத்தை நான் விடுவதில்லை.

*

ஷூ-சென் எங்களை எதிர்பார்த்திருந்தவள்போல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தாளை அவள் முன் வைத்தேன்.

"சமத்தா இருன்னு சொல்ற பொட்டலத்தைத் தலையில வெச்சுக்கிட்டே மிஷினைத் தப்புப் பண்ணச் சொல்ல முடியுமா, அண்ணா?" என்று அவளே ஆரம்பித்தாள். "முதல்ல அதை இறக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் வேலையைப் பார்த்தேன். இறக்கினதை மறுபடி வைக்கக் கூடாதே. புதுசு வெச்சேன். பேர் எழுத மறந்துட்டேன்."

கம்பெனியின் முதல் கணினியில் தம்பியோடு சேர்ந்து உட்கார்ந்து ராத்திரி பகலாக நிரல் தட்டியவள் அவள். பிரதி எடுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"லியாவ் குடும்பத்துல திருட்டா?" என்றேன்.

"எங்க வீட்டுப் பொருளை நான் எடுத்து ஊருக்குக் குடுத்தேன். அதுக்கு என்ன பேர்னு நாளைக்கு அவங்களே சொல்லட்டும்."

"பழி யுன்-ஜூ மேல விழும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். கூட்டம் வரைக்கும் தாங்குவான்னும் தெரியும். அவ யாரோட பொண்ணு? நாளைக்கு எல்லாரும் உக்காந்திருக்கும்போது நானே சொல்லத்தான் இருந்தேன். தனியாச் சொன்னா துவான் பேசியே மூடிடுவார். அன்னிக்கு மூடின மாதிரி."

அவள் குரல் உயரவில்லை.

"அன்னிக்கு இருந்தது உங்க தம்பி எழுதின நிரல். இது யுன்-ஜூவோட ஆளுங்க அடியிலேருந்து புதுசா எழுதினது. அவர் எழுதின ஒரு வரி இதுல இல்லை. ஆனா அதே ஒன்பதாம் வாயில், அதே அழிவு. அன்னிக்கும் இன்னிக்கும் பொதுவா இருக்கறது எது, அண்ணா?"

மெய்-லுவான் மெதுவாகச் சொன்னாள்: "பூட்டு."

"அந்த வாயில்லதான் பூட்டு மறுபடி ஒருதரம் சரிபார்க்கும். அப்ப குழம்பினா வாங்கினவனையே திருடன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சுடும். அன்னிக்குப் போட்ட பழைய பூட்டுக்குத்தான் துவான் புதுச் சாயம் அடிச்சிருக்கார். பூட்டில்லாதது ஒண்ணு வெளியில இருந்தா இது தெரிஞ்சுபோகும். திறந்த கடையை அவர் எதுக்கு நிறுத்தினார்னு நெனச்சீங்க? வியாபாரத்துக்கா?"

தம்பி படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலை குனியணும்னு சத்தியம் பண்ணீங்க. சமையல்கட்டுல கேட்டுச்சு. நான் தினமும் காலையில அவர் முன்னாடி குனியறேன். இதையும் அவரைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்று பீடத்திலிருந்த, குறி கேட்கும் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டையும் எடுத்துக் காட்டினாள். "முதல் தடவை போட்டப்போ ரெண்டும் மல்லாந்து விழுந்தது. சிரிச்சார். எதைக் கேட்டாலும் முதல்ல சிரிப்பார், உங்களுக்குத்தான் தெரியுமே. மறுபடி போட்டேன். ஒண்ணு கவிழ்ந்து ஒண்ணு மல்லாந்து விழுந்தது. சரின்னுட்டார்."

குடும்பத்தின் பெரியவனை இவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியவனைக் கேட்டிருக்கிறாள். அதற்கு மேல் பேச எனக்கு இடமில்லை.

"நாளைக்கு நான் கூட வர்றேன்" என்றேன்.

"எதுக்கு? கைது பண்ணவா?"

"பக்கத்துல உக்கார. வரும்போது படத்தை எடுத்துக்கிட்டு வா."

*

கூட்டத்தில் ஷூ-சென் எழுந்து நின்று, தான்தான் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பச்சைத் தாளை மேசைமேல் வைத்தாள். யுன்-ஜூ தாயையே பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் கோபம் வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது.

"ஒத்துக்கிட்டாங்க" என்றார் துவான். "இனி என்ன இருக்கு? போலீசைக் கூப்பிடுங்க."

"வந்தாச்சு. கொஞ்சம் பழைய போலீஸ்" என்று நான் எழுந்தேன். "கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துடலாம்."

மேசையின் கோடியில், தம்பி முன்பெல்லாம் உட்காரும் இடத்தில், மெய்-லுவான் இரண்டு மடிக்கணினிகளைத் திறந்து வைத்தாள். இரண்டிலும் வாள்வீரன் ஒன்பதாம் வாயிலுக்கு ஓரடி முன்னால் நின்றான். பூட்டில்லாத பிரதியில் யுன்-ஜூ விசையைத் தட்டினாள். கதவு திறந்தது. வீரன் பனிக்குள் நடந்து போனான்.

"பூட்டுப் போட்டதை நீங்களே தட்டுங்க, துவான். உங்க பூட்டுதானே" என்றேன்.

அவர் அசையவில்லை. பங்குதாரர் பத்துப் பேரும் அவரையே பார்த்தார்கள். பழைய கம்பெனிக் காலத்திலிருந்து இருக்கும் கிழவர் யூ, "தட்டுப்பா, என்ன யோசனை?" என்றார்.

துவான் எழுந்து வந்து தட்டினார். வட்டம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. பிறகு திரை கறுத்தது. சேமித்த ஆட்டங்களின் பட்டியல் வந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"இதே வாயில். இதே மாதிரி" என்றார் யூ. "அப்ப சிங்-யுவான் எதுக்குய்யா மன்னிப்புக் கேட்டான்?"

துவான் நம்பாதவர்போல் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, திரையை நெருங்கிப் பார்க்கக் குனிந்தார்.

நான் மடிக்கணினியின் மூடியைச் சாத்தினேன். அதற்குப் பின்னால், ஷூ-சென் நிறுத்தி வைத்திருந்த படத்திலிருந்து, என் தம்பி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் கீழே, துவான்" என்றேன்.